நிறைந்தால் காலியாகும் குடம்

எதிர்வீட்டு மருமகள் ரேவதி, கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் காலத்தில் திருகாணிப் பட்டறைகள் இருந்த வரிசையில்தான் அவள் ஆபீசும். இப்போது அது கண்ணாடிக் கட்டடம். போன வாரம் கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் நின்று புலம்பினாள்.

"கேம் பாதிதான் ஆன்ட்டி முடிஞ்சிருக்கு. வெளியிடற கம்பெனிக்காரங்க அதுக்குள்ள தேதி அறிவிச்சிட்டாங்க. கேட்டா, 'மொதல்ல விட்டுடலாம், தப்பையெல்லாம் அப்டேட்ல சரி பண்ணிக்கலாம்'ங்கறாங்க. உங்க காலத்துல இந்த அப்டேட்டெல்லாம் எப்படி அனுப்புவீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் அப்டேட் என்பது அடுத்த ஜன்மத்தில்தான். நாங்கள் அனுப்பினது சுட்ட செங்கல். கோணலாக இருந்தால் அந்தக் கோணலை வைத்தே வீடு கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரு விஷயம் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. விற்கிறவனுக்கு வேலை தெரியாது, செய்கிறவனுக்கு வியாபாரம் தெரியாது. இருந்தும் வேலைக்குத் தேதி வைக்கிறவன் என்னவோ விற்கிறவன்தான். ரேவதிக்கு வாயால் சொல்ல ஆரம்பித்தேன். கறிவேப்பிலை வாடிவிடும் என்று அவள் போய்விட்டதால் எழுதுகிறேன்.

நான் வெள்ளானூரில் பிறந்து ஆவடியில் வாழ்க்கைப்பட்டவள். பத்தாவது முடித்ததும் எஸ்டேட்டில் ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு கம்பெனியில் சால்டரிங் வரிசையில் உட்கார்ந்தேன். ஈயம் உருக்கப் பழகியது, விரல் சுட்டுக்கொண்டது, திட்டு வாங்கியது எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் கம்பெனி, டி.வி.யில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் பெட்டிகளையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தது. பெட்டிக்குள் சொருகுகிற விளையாட்டுக்குக் 'கேசட்' என்று பேர். பாட்டுக் கேசட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சொருகினால் கேசட், அதுதான் நம் ஜனங்களின் இலக்கணம்.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு ஆரோக்கியம் சார். ஆவடிக்காரர், மெலிந்த உயரம், அரைக்கை வெள்ளைச் சட்டை. கோபம் வந்தால் குரல் இறங்கும். யாரையும் 'வாம்மா', 'போம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார், பிறகு எட்டாக மடிப்பார். மடிக்க இடம் இல்லாமல் போனதும், "பார்ப்போம்" என்பார். இந்தப் 'பார்ப்போம்'தான் எங்கள் கம்பெனியின் மந்திரச் சொல். எங்களிடம் சொன்னால் 'கிடையாது' என்று அர்த்தம். மேலே இருக்கிறவர்களிடம் சொன்னால் 'சரிங்க' என்று அர்த்தம். ஒரே சொல்தான், மேட்டுக்கு ஒரு மாதிரி ஓடும், பள்ளத்துக்கு ஒரு மாதிரி ஓடும்.

என் விரல் வேகத்தைப் பார்த்து, அவர்தான் என்னை ஈயத்திலிருந்து எழுப்பிக் கேசட்டுகளைச் சோதிக்கிற மேசையில் உட்கார வைத்தார். அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு விளையாட வேண்டும். என் மாமியாருக்கு இது கடைசி வரை செரிக்கவில்லை. "மருமவ எங்க வேல செய்யறா?" என்று யாராவது கேட்டால், "எஸ்டேட்ல ஆடிக்கினு கீறா" என்பார். கேட்டவர்கள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

ஆரோக்கியம் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஜெயிக்கறதுக்கு ஆடாதம்மா. கெடுக்கறதுக்கு ஆடு."

கெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சாதாரண ஆட்டம், வாங்குகிறவன் ஆடுகிற மாதிரி. அடுத்தது சோம்பேறி ஆட்டம்: ஒன்றும் செய்யாமல் பொம்மையை நிற்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவது. வந்து பார்த்தால் சில விளையாட்டுகளில் எதிரி சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொண்டிருப்பான். மூன்றாவது குரங்கு ஆட்டம்: எல்லா பட்டனையும் ஒன்றாக அமுக்கு, கேசட்டை அசை, மின்சாரத்தை நிறுத்திப் போடு. மின்சாரத்தை நிறுத்துகிற வேலையை அம்பத்தூரில் நாங்கள் தனியாகச் செய்யத் தேவையே இருந்ததில்லை. கடைசியாகக் கில்லாடி ஆட்டம்: ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு தப்பும் பண்ணாமல் ஆடுவது. இதுதான் அதிக நாள் பிடிக்கும். கில்லாடி ஆக வேண்டுமே முதலில்! அதனால் அதைக் கடைசிக்கு வைத்திருப்போம்.

இப்படி வெளிநாட்டு விளையாட்டுகளையே சோதித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, சொந்தமாகத் தமிழில் ஒன்று செய்யலாம் என்ற ஆசையைக் கொண்டுவந்தவன் குணசேகரன். சென்னீர்குப்பத்துப் பையன், பையன் என்றால் என் வாய்க்குத்தான் பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வயசு. ஆவடியில் சர்க்கார் ஃபேக்டரியில் நிரந்தர வேலை. அவன் அப்பா ஏகாம்பரமும் அதே ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குணா பழைய புத்தகக் கடைகளில் கம்ப்யூட்டர் புத்தகங்களைத் தேடி வாங்கித் தானாகவே படித்தான். ஒருநாள் அந்த நிரந்தர வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தான்.

அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். "டி.வி.ல உன் பேரு வரட்டும். அன்னிக்கிப் பேசறேன்." அதோடு சரி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா வழியாகத்தான் பேச்சு. குணா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். "எங்க நைனா என்னாண்ட பேசறதில்லக்கா. எங்கம்மாவாண்ட, 'அந்த ஆள சாப்டச் சொல்லு'ங்கறாரு. நான் எங்கம்மாவாண்ட, 'சாப்டேன்னு அந்தாளாண்ட சொல்லு'ங்கறேன். நடுவுல அம்மாக்குத்தான் சோறு ஆறிடுது."

அவன் செய்த விளையாட்டுக்குப் பேர் 'தண்ணி லாரி'. பாவாடை தாவணி போட்ட ஒரு பெண், குடத்தோடு தெருமுனைக்கு ஓட வேண்டும். லாரி வரும். வரிசையில் இடம் பிடித்து, குடத்தை ரொப்பி, வீடு வந்து சேர வேண்டும். வேகமாக ஓடினால் தண்ணீர் சிந்தும். மெதுவாக நடந்தால் அடுத்த குடத்துக்குள் லாரி போய்விடும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் என்ன விளையாட்டு அது! சால்டரிங் வரிசைப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். என் பக்கத்து நாற்காலி வசந்தா, "மொத கொடத்த லாரியாண்ட வையி, ரெண்டாவது கொடத்த வரிசைல வெச்சி எடம் புடி, அதான் தர்மம்" என்றாள். குணா அதையும் சேர்த்தான். வரிசையை மீறினால் ஒரு மாமி ஜன்னலைத் திறந்து திட்டுவாள். திட்டு காதில் விழாது, வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். அந்த மாமிக்காகவே சாப்பாட்டு வேளையில் என் மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்.

எல்லா நிலையும் முடித்து ஜெயித்தால் கடைசியில் திரையில் எழுத்து வரும்: 'ஆக்கம்: குணசேகரன், சென்னீர்குப்பம்.' ஊர்ப்பேரை ஏன் போட்டாய் என்று கேட்டேன். "வேற எந்த குணசேகரனோன்னு நைனா தப்பிச்சிக்கக் கூடாதுல்ல" என்றான்.

இதை வெளியிட முன்வந்தவர் நாகலிங்கம். பாரிமுனையில் காலண்டர், பொம்மை மொத்த வியாபாரம். மாவட்டம் மாவட்டமாக அவருக்குக் கடைக்காரர்கள் இருந்தார்கள். வெளிநாட்டில் கேசட்டுக்குச் சிப்பு வார்க்கிற செலவு அவருடையது. அவர் இல்லாவிட்டால் எங்கள் சரக்கு அம்பத்தூர் ரயில்வே கேட்டைத் தாண்டாது. அவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். வந்த முதல் நாளே ஒன்று சொன்னார், இன்றுவரை எனக்கு மறக்கவில்லை: "பிப்ரவரில வர்ற காலண்டரு பொட்டலம் மடிக்கத்தான் ஆவும்." நூற்றுக்கு நூறு உண்மை. அவர் தப்பெல்லாம் ஒன்றுதான்: உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் காலண்டர் என்று நினைத்தார்.

முதல் தடவை விளையாட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொம்பள தண்ணி புடிக்கறத வீட்லயே பாக்கறானே, துட்டு குடுத்து டி.வி.ல வேற பாப்பானா? ஒரு ஹீரோ வேணும் சார். மீசை வெச்ச ஹீரோ."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எந்தத் தெருவுல சார் மீசை வெச்சவன் கொடம் தூக்கறான்?"

"அதுக்குப் பேருதாம்மா கற்பனை" என்றார்.

ஆரோக்கியம் சார் கைக்குட்டையை மடித்தார். "பார்ப்போம், நாகலிங்கம் சார்." தாவணி போய் மீசை வந்தது.

அடுத்த முறை வந்தபோது, "ஹீரோ வந்துட்டான், சண்டை எங்க?" என்றார். குழாயடியில் ஒரு ரவுடி வந்தான். அதற்கடுத்த முறை, லாரியின் பக்கவாட்டில் அவர் கடைப் பேர். அதற்கும் அடுத்த முறை, முடிவில் வருகிற குணாவின் பேரை எடுத்துவிட்டு அங்கேயும் கடைப் பேர். அன்றைக்குத்தான் குணா வாயைத் திறந்தான்.

"சார், மீச கேட்டீங்க, வெச்சேன். ரவுடி கேட்டீங்க, உட்டேன். லாரில உங்க பேரு ஓடுது. என் பேர மட்டும் உட்டுடுங்க சார்."

"பேர்ல இன்னாப்பா கீது?"

"எனக்கு எங்க ஊடு கீது சார் அதுல."

நாகலிங்கத்துக்குப் புரியவில்லை, ஆனாலும் போகட்டும் என்று விட்டார். அதற்குப் பதிலாகத் திரையில் இன்னொரு இடத்தில் புஸ்வாணம் கேட்டார். தீபாவளிக்கு வருகிற விளையாட்டில் புஸ்வாணம் இல்லாவிட்டால் எப்படி?

கேசட்டுக்குள் இருக்கிற இடம் கடைசி பஸ் மாதிரி. ஒருத்தர் ஏற வேண்டுமானால் இன்னொருத்தர் இறங்க வேண்டும். ரவுடிக்காக லாரியின் ஹாரன் இறங்கியது. புஸ்வாணத்துக்காகத் திட்டுகிற மாமி இறங்கினாள். அன்று வசந்தா சாப்பிடவில்லை. "ரவுடி வேணுமாம், மாமி வேணாமாம். தெருவ நேர்ல பாத்திருக்கானா அந்தாளு?" என்றாள். மீசை சும்மா வரவில்லை. நடக்க, ஓட, குனிய, அடிக்க என்று ஒவ்வொரு அசைவுக்கும் அந்த மீசையைத் தனித்தனியாக வரைய வேண்டும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, எங்கள் விஷயத்தில் அது பழமொழி இல்லை, பட்டறை நிலவரம். மீசைக்கு இடம் பண்ண, குணா தான் எழுதி வைத்த வரிகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டே வந்தான்.

இருந்தாலும் தைரியமாக இருந்தோம். ஆவணி பிறந்ததும் சிப்பை அனுப்பினால் போதும், தீபாவளிக்குச் சரக்கு வந்துவிடும் என்பதுதான் பேச்சு. ஆடி மாதம் முழுக்கச் சோதனைக்கு என்று நானும் குணாவும் ஒதுக்கி வைத்திருந்தோம். கில்லாடி ஆட்டத்தை அப்போதுதான் ஆட வேண்டும்.

ஆனி பாதியில் நாகலிங்கம் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"ஆவணி வரைக்கும் எல்லாம் தாங்காது. எதிராளி ஒருத்தன் தீபாவளிக்கு ஏதோ கொண்டாறான்னு காதுல விழுந்துச்சு. ஆடியில புதுசா எதையும் அனுப்ப மாட்டேன். அதனால ஆனி கடைசி வெள்ளிக்கிழம. முகூர்த்த நாள்."

"சார், ஆடி மாசத்த நம்பித்தான் சார் நாங்க சோதனையே வெச்சிருக்கோம்" என்றேன்.

"ஆடியில சோதனையெல்லாம் வெச்சிக்கக் கூடாதும்மா" என்றார், நிஜமான அக்கறையோடு.

ஆரோக்கியம் சார் எட்டாக மடித்து, "பார்ப்போம்" என்றார். ஜவுளிக் கடைக்காரன் ஆடியில் தள்ளுபடி கொடுப்பான். எங்களுக்கு இவர் ஆடியையே தள்ளுபடி பண்ணிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே நாகலிங்கம் காரில் வந்து இறங்கினார். அவர் மனைவி தட்டு நிறையச் சந்தனம், குங்குமம், வெற்றிலை, தேங்காய், கற்பூரம் எல்லாம் கொண்டுவந்தார். நல்ல அம்மாள், எங்கள் எல்லாருக்கும் பூ கொடுத்தார். நாங்கள் எழுதி அழித்து எழுதுகிற சிப்பின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கண் இருக்கும். அதில் நீல விளக்கைக் காட்டினால் எழுதினது அழியும். பிறகு புதிதாக எழுதலாம். அப்படி எழுதின ஒரு சிப்பைத்தான் மாதிரியாக வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அங்கே அதைப் பார்த்து நிரந்தரமாக வார்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் அழிக்கக் கண்ணும் இல்லை, திருத்த வழியும் இல்லை.

ஒரு பக்கம் வெற்றிலை பரப்புகிறார்கள். மூலையில் நான் கில்லாடி ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறேன். அந்த வாரம்தான் எனக்குக் கை பழகி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓட வந்திருந்தது. குடம் ஏறுகிறது, ஏறுகிறது, விளிம்பைத் தொடுகிறது. இதுவரை யாரும் விளிம்பு வரை ரொப்பியதில்லை. தொட்டதும் குடம் காலி.

"குணா, இங்க வா. கொடம் ரொம்பிச்சு. ரொம்பினதும் காலியாயிடுச்சு."

"சிந்திடுச்சாக்கா?"

"சிந்தல. ஓட்டையும் இல்ல. ரொம்பினா காலி."

அவனே உட்கார்ந்து ஆடிப் பார்த்தான். காலி. இன்னொரு முறை. காலி. "ரொம்பினா நிறுத்துன்னு ஒரு வரி இருந்துச்சுக்கா. மீசைக்கு எடம் பண்ணும்போது அது பூட்ச்சி" என்றான். கணக்கு அதன் கடைசி எண்ணைத் தாண்டினால் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடுமாம், ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எண்கள் சுற்றி வருகிற மாதிரி. அரைக்குடம் கொண்டுவருகிறவன் ஜெயிப்பான். முக்கால் குடமும் பரவாயில்லை. எவன் ஒழுங்காக முழுக்குடம் பிடிக்கிறானோ, அவன் தோற்பான்.

திருத்துவதற்கு ஒரு வரி போதும். குணா உடனே எழுதிவிட்டான். ஆனால் அதை ஏற்ற இன்னொரு சிப்பை நீல விளக்கில் வைத்து அழிக்க வேண்டும். விளக்குக்கு நம் அவசரம் தெரியாது. அது அதன் பாட்டுக்கு அழிக்கும்.

"பத்தரைக்கு ராகு காலம்" என்று நாகலிங்கம் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "அதுக்குள்ள கற்பூரம் காட்டி வண்டி கெளம்பணும்."

ஆரோக்கியம் சார் எங்கள் பக்கம் குனிந்து, குரலை இறக்கிச் சொன்னார்: "பூஜைக்குப் பழைய சிப்ப வெச்சிக்கட்டும். போறப்ப புதுச மாத்திக் குடுத்துடலாம்." நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. பழைய சிப்பு வெற்றிலை மேல் ஏறியது. அந்த அம்மாள் சந்தனம் வைத்து, அதன் மேல் அழகாகக் குங்குமப் பொட்டு வைத்தார். தேங்காய் உடைந்தது, நேர் பாதியாக. நாகலிங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. பொட்டு கலையாமல் சிப்பை எடுத்து ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழில் வைத்து மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குணா சூடு ஆறாத புதுச் சிப்பை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான்.

"சார், இதான் சார் சரியானது. அதக் குடுங்க, இத எடுத்துக்கங்க."

"இதுக்குப் பூஜை போட்டாச்சா?"

"இப்பதான் சார் பொறந்துச்சு."

"அப்ப பொட்டு வெச்சதுதான் போவணும்."

"சார், பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடிஞ்சிடும். இன்னொரு தேங்கா ஒடச்சி..."

"ஒரு கொழந்தைக்கு ரெண்டு தடவ காது குத்துவாங்களாப்பா?"

நான் குறுக்கே போனேன். "நாகலிங்கம் சார், கொடம் ரொம்பினா காலியாயிடுது சார்."

"நிறைகுடம் தளும்பாதுன்னு கேட்டதில்லையாம்மா?"

"இது தளும்பல சார். காணாமலே போவுது."

"எவன் விளிம்பு வரைக்கும் ரொப்பப் போறான்? பசங்க அரைக்கொடத்துலயே சலிச்சிடுவானுங்க. அப்படியே தப்பு இருந்தாலும் அடுத்த தடவ திருத்திக்கலாம். ஒரு வருஷம் காலண்டர்ல ஞாயித்துக்கெழமையே ரெண்டு தடவ அச்சாயிடுச்சு. ஒருத்தனும் கேக்கல. லீவு கூட ஒண்ணு வந்துச்சேன்னு சந்தோஷமா மாட்டிக்கினானுங்க."

எல்லாரும் ஆரோக்கியம் சாரைப் பார்த்தோம். குணா கை நீட்டியபடியே நிற்கிறான். சார் கைக்குட்டையை எடுத்தார். அன்றைக்கு அவர் அதை மடிக்கவில்லை, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இதோ சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"பார்ப்போம், நாகலிங்கம் சார்" என்றார்.

கார் ராகு காலத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது. நானும் நல்ல நேரம் பார்க்கிறவள்தான்; பார்க்காமல் பால் கூடக் காய்ச்சினதில்லை. ஆனால் நல்ல நேரத்தில் கெட்ட சரக்கை அனுப்பினால், அந்த நேரமா வந்து ஜவாப் சொல்லும்? 'தேதி போவுது, தேதி போவுது' என்று பறக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் புரிவதே இல்லை. தேதி வருஷத்தில் ஒருநாள் வந்துவிட்டுப் போய்விடும். சரக்கு வாங்கினவன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

குணா அந்தப் புதுச் சிப்பை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். வசந்தா வந்தாள். தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, அந்தச் சிப்பின் கண்ணாடிக் கண் மேல் ஒட்டினாள். "இதுக்கும் பொட்டு வெச்சாச்சு" என்றாள்.

தீபாவளிக்குச் சரக்கு சொன்ன தேதிக்கு வந்தது. கடைகளில் பரபரவென்று போனது. பண்டிகை முடிந்த கையோடு புகாரும் வந்தது. பூந்தமல்லியில் ஒரு கடைக்காரர் எங்களுக்கே போன் போட்டார். "இன்னாங்க கேசட்டு இது? எங்க தெருவுல எல்லாத்துலயும் ஃபெயிலாவற பையன் ஜெயிக்கறான். கெட்டிக்காரப் பையன் அழுதுகினு வந்து நிக்கறான்." குறைகுடம் கூத்தாடும் என்பதை விளையாட்டாகவே எழுதி, புஸ்வாணத்தோடு விற்றுவிட்டோம்.

நாகலிங்கம் அசருகிற ஆளா? கடைகளுக்கு இன்னும் போகாமல் எங்களிடம் மிச்சம் இருந்த அட்டைப் பெட்டிகளுக்கெல்லாம் ஒட்டுவதற்கு ஒரு லேபிள் அச்சடித்து அனுப்பினார். அச்சடிப்பதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே! நீல நிறம், ஒரு சொட்டுப் படம், கீழே வாசகம்: 'நீரைச் சேமிப்போம்! குடத்தை முழுவதும் நிரப்பாதீர்!' சால்டரிங் வரிசைப் பெண்கள் சூட்டுக்கோலை அணைத்துவிட்டு வர, நானும் அவர்களுமாக அதை உட்கார்ந்து ஒட்டினோம். "நம்ம தப்ப ஊருக்கு உபதேசமா மாத்திட்டாரே, மகராசன்" என்றாள் வசந்தா. நாகலிங்கம் அதோடு விடவில்லை. பொங்கலுக்கு இரண்டாம் பாகம் வேண்டுமாம். மார்கழியில் அனுப்ப மாட்டாராம், கார்த்திகைக்குள் முடிக்க வேண்டுமாம்.

இரண்டாம் பாகம் வரவில்லை. திரும்பி வந்த பெட்டிகள் கிடங்கை அடைத்துக்கொண்டதும், கம்பெனி ஒழுங்கு மரியாதையாக ஸ்டெபிலைசருக்கே திரும்பியது. நானும் ஈயத்துக்குத் திரும்பினேன். ஆரோக்கியம் சாரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஒருத்தருக்கும் வேலை போகாமல் பார்த்துக்கொண்டவர். 'முடியாது' என்கிற ஒரு சொல்லுக்கு மட்டும் அவருக்குள் இடம் இல்லாமல் போய்விட்டது. குணா பிற்பாடு எடை மெஷின் செய்கிற கம்பெனிக்குப் போனான். அதில் யார் பேரும் வராது. ஆனால் கிலோவுக்குக் கிலோ சரியாகக் காட்டும்.

அவன் போவதற்கு முன்னால், தீபாவளி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அதிரசம் எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெங்களூர் ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் உள்ளே கேட்கிற வீடு. ஏகாம்பரம் டி.வி.க்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலியைப் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். கையில் எங்கள் கம்பெனி பெட்டியின் பட்டன் வைத்த கைப்பிடி. பெட்டியையும் கேசட்டையும் பூந்தமல்லி கடையில் அவரே போய் வாங்கி வந்தாராம், யாரிடமும் சொல்லாமல். குணா உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"பண்டிகையிலேர்ந்து இதே வேலையா கீறாரு" என்றார் குணாவின் அம்மா. "சோறு எறங்கல."

திரையில் மீசைக்காரன் குடத்தோடு நின்றான். ஃபோர்மேன் கை அது, என்னைவிட நிதானம். அவசரமே இல்லாமல், விளிம்பு வரை ரொப்பினார். காலி. மறுபடி ஆரம்பித்தார். காலி.

குணா தாங்க மாட்டாமல் அம்மாவிடம் சொன்னான்: "யம்மா, அரைக்கொடத்தோட நிறுத்தினா கடைசி வரிக்கும் போலாம். பேரு வரும். அந்தாளாண்ட சொல்லு."

அம்மா அவர் பக்கம் திரும்பினார். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார்.

"யம்மா மல்லிகா, நீ சொல்லு அந்த ஆளாண்ட. அரைக்கொடத்துக்கு வர்ற பேரு எனக்கு வாணாம்."

"அது ரொம்பாது நைனா" என்றான் குணா.

அவர் டி.வி. பக்கம் திரும்பிக் கைப்பிடியை அமுக்கினார். திரையில் மீசைக்காரன் நிதானமாக நடந்து, மறுபடியும் லாரியின் குழாய்க்கடியில் குடத்தை வைத்தான்.